உப்பில்லாத கஞ்சி

ராயபுரத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்த வார்டின் ஜன்னல்கள் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும். திறந்தால் கரித்தூள், மூடினால் புழுக்கம். எதைச் செய்தாலும் மீன் வாடை போகாது. அந்தக் கரையிலேயே பிறந்தவள் என்பதால் அந்த வாடை எனக்குத் தெரிவதே இல்லை.

ஐம்பதுகளின் ஆரம்பம். இதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு ஒரு மாத்திரை, ஓர் ஊசி, உப்பில்லாத சாப்பாடு. பெரிதாக வேறொன்றும் கிடையாது. மருந்து டாக்டர் பாடு. உப்பு என் பாடு.

ஏழாம் கட்டிலில் ஒரு கட்டுமரக்காரர். நாற்பது வயதிருக்கும். படுத்தால் மூச்சு முட்டும் என்று நான்கு தலையணையில் சாய்ந்தே இருப்பார். தினமும் காலையில் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் நீர் வடியவில்லை என்று அர்த்தம்.

“இன்னா நர்ஸம்மா, கொயக்கட்டைக்கு மாவு பதம் பாக்குறியா?” என்பார்.

“பேசாம இருங்க. பேசினா மூச்சு வாங்குது.”

முதல் வாரம் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான். வீக்கம் வடிந்து தலையணை இரண்டாயிற்று. பிறகு அந்தச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். அதனால் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவர அவர் மனைவிக்கு டாக்டர் அனுமதி கொடுத்தார். அவள் கூடையில் மீன் விற்பவள். விற்று முடித்து, வீட்டுக்குப் போய்த் தூக்குவாளியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு மத்தியானம் வருவாள். முதல் நாளே அவளை நிறுத்திச் சொன்னேன்.

“கஞ்சில ஒரு கல் உப்புகூடப் போடக் கூடாது. போட்டா உன் புருஷனை நீயே கொல்ற மாதிரி. புரிஞ்சுதா?”

அப்போதெல்லாம் அப்படித்தான் பேசுவேன். பயமுறுத்தினால்தான் கேட்பார்கள் என்று ஒரு நினைப்பு.

அடுத்த வாரமே எடை ஏறியது. தலையணை மறுபடி நான்காயிற்று. “உப்பு எங்கேயிருந்தோ உள்ளே போகுது, சிஸ்டர்” என்றார் டாக்டர். எனக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானம் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“உப்பு போடறியா?”

“பெரியபாளையத்தா மேல சத்தியமா போடலம்மா.”

“சத்தியமெல்லாம் எனக்கு வேணாம். தூக்கைத் திற.”

விரலால் கஞ்சியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சரி, குடு போ” என்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அப்படியானால் இதயம்தான் கைவிட்டுவிட்டது என்று அவர் ஊசியைக் கூட்டினார்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு காலை, நுரை நுரையாக இருமினார். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். வார்டில் எத்தனையோ சாவு பார்த்தவள் நான். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, விட்டுப்போன தூக்கை வாங்கிக்கொள்ள அவள் வந்தாள். எடுத்துக் கொடுத்தேன்.

“இத்தோட ஒரு சின்ன டப்பா இருந்திச்சே, நர்ஸம்மா? கருவாடு எட்தாருவேனே, அது.”

“என்ன கருவாடு?”

“உப்பில்லாத கஞ்சி தொண்டைல எறங்கலன்னு அயுவாரு. அத்தொட்டு டெய்லி ரெண்டு துண்டு சுட்டு எட்தாந்தேன். ரெண்டு தண்ணி நல்லா அலசிட்டுத்தான் சுடுவேன். உன் எதிர்லதானே துன்னுவாரு.”

உண்மைதான். என் எதிரில்தான் தின்றார். கஞ்சி என்றால் கருவாடு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பார்த்துக்கொண்டே இருந்தும் அது எனக்கு உப்பாகத் தெரியவில்லை. அலமாரியில் தேடி டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் போகவில்லை. “அன்னிக்கி நீ எல்லார் எதிர்லயும் கேட்டியே, அத்த அவரு அக்கா பாத்துகினு இருந்திச்சி. நான்தான் உப்பப் போட்டு சாவடிச்சேன்னு குப்பம் பூரா சொல்லிகினு கீது. நான் போடலதானே, நர்ஸம்மா?”

“போடல. நான்தான் ருசி பாத்தேனே.”

“அத்த அதுகிட்ட வந்து சொல்லுவியா?”

சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் யூனிபாரத்தோடு குப்பத்துக்குப் போனேன். கஞ்சியில் உப்பே இல்லை, என் நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். கருவாட்டைப் பற்றி அங்கேயும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. கேட்டு முடித்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டு எனக்குச் சாப்பிட ஏதாவது வைக்கச் சொன்னாள். அவள் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, பக்கத்தில் இரண்டு துண்டு சுட்ட கருவாடு வைத்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அதைத் தின்றேன்.