கனேமிட்சு வீட்டுச் சின்னம்

எங்கள் கரும்புத் தீவில் ஹொனோகா என்ற ஊரில் ஷிசுனோ கனேமிட்சுவிடம் தலையைக் கொடுக்காத ஆண்பிள்ளை யாரும் கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேலாக முடிதிருத்தும் கடை நடத்தியவர். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டார் என்றால் அப்புறம் பேசும் உரிமை அவருக்கு மட்டும்தான். சர்க்கரை ஆலையின் மேனேஜரே அந்த நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான், சத்தோரு, பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். ஒரு அதட்டுப் போட்டால் வண்டி நிறைய பிள்ளைகள் அடங்கிவிடும். ஊருக்கே அக்காவான ஷிசுனோவின் கத்திரிக்கு முன்னால் நானும் கப்சிப்தான்.

அவர் பிறந்தது கரும்புக்காட்டுத் தொழிலாளர் முகாமில். அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது ஷிசுனோவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. அம்மா தோமே பகலில் காட்டில் களை கொத்துவார், சாயங்காலம் கல்யாணமாகாத ஆண்களின் அழுக்குத்துணியை வெளுத்துக் கொடுப்பார். அந்தக் காசில் மகளை ஹீலோ பட்டணத்துக்கு அனுப்பி முடிவெட்டக் கற்றுக்கொள்ள வைத்தார். ஷிசுனோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஆம்பிளைங்க தலைய தினமும் பாக்குறேன். உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா" என்பார். கடைசி வருஷங்களில் தோமே அம்மா கடை மூலையில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருப்பார். மகள் கையால் கஞ்சி குடித்து, நல்ல வயசுக்கு இருந்து, நிம்மதியாகப் போனார்.

அக்காவிடம் ஒரே ஒரு குறை, பெருமை. கடைக் கண்ணாடிக்கு மேலே அம்மாவின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லிக் கப்பலேறி வந்தவர்கள். மாப்பிள்ளையைத் துறைமுகத்தில்தான் முதன்முதலாக நேரில் பார்ப்பார்கள். தோமே அம்மாவும் அப்படி வந்தவர்தான். படத்தில் கறுப்புப் பட்டில் கிமோனோ அங்கி, கீழ் ஓரத்தில் ஒரு நாரை, நெஞ்சில் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குடும்பச் சின்னம்: மூன்று இலை, மேலே பூக்கொத்து. அதை வைத்துக்கொண்டு அக்கா தன் வம்சம் வாள் பிடித்த சாமுராய் வம்சம் என்று அடித்த தம்பட்டம் கொஞ்சமா? அம்மா இறந்ததும் ஊரிலேயே உயரமான கல்லறைக் கல்லாக நிறுத்தி, அதன் உச்சியில் அந்தச் சின்னத்தைக் கொத்த வைத்தார். மழையோ வெயிலோ, ஞாயிறு தவறாமல் போய்த் துடைப்பார்.

தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் வருஷம் வந்தது. எங்கள் ஆட்கள் கடல் தாண்டிக் கரும்பு வெட்ட இந்தத் தீவுகளுக்கு வந்து நூறு வருஷம் என்று எல்லா ஊரிலும் கொண்டாட்டம். எங்கள் ஊரில் அக்காவே முன்னால் நின்று ஒரு ஏற்பாடு செய்தார். மாதம் ஒரு சனிக்கிழமை புத்த கோயில் கூடத்தில் கூடுவது. ஒரு குடும்பம் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சாப்பாடு கொண்டுவர வேண்டும். பேசுகிறவர் இழுத்தால் அக்கா மணியடித்து உட்கார வைப்பார். கலிபோர்னியாவில் இருந்த பிள்ளைகள்கூட விமானமேறி வந்தார்கள். அரிசிமூட்டைத் துணியில் தைத்த உள்சட்டையை ஒருவர் காட்டினார், ஒரு மண்வெட்டிக் காம்புக்கு அரை மணி நேரம் கதை நடந்தது. என்னைக் கேட்டால், ஊரில் நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. தன் முறையை மட்டும் அக்கா கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். சாமுராய் வம்சம் இடையில் வந்தால் மற்றவர்களுக்குக் கூச்சமாக இருக்குமாம்.

அதற்கு முந்தைய முறை இவாவோ நிஷிகுச்சிக்கு. ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன், அக்காவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனைக் கண்டால் அக்காவுக்கு இளக்காரம்.

"என்னடா கொண்டுவரப் போற? உங்க பரம்பரையே சேத்துல நின்ன பரம்பரை. சேறு கொண்டு வருவியா?"

"வாளியில கொண்டாரேன். உன் கடை வாசல்லயே கொட்டுறேன்" என்றான் அவன்.

அவன் கொண்டுவந்தது ஒரு படம். கோனாவில் இருந்த அவன் மூத்த சகோதரி இறந்தபிறகு அவள் பெட்டியிலிருந்து கிடைத்ததாம். அவன் அம்மாவின் கல்யாணப் படம். அதை அவனே இப்போதுதான் பார்க்கிறான். இவாவோ பேசப்பேச, படம் கை மாறி வந்து அக்காவிடம் சேர்ந்தது. அக்கா பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மணியடிக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இவாவோ தன் அம்மா ஊறுகாய் போட்ட பக்குவம்வரை போய்விட்டான், மணி அசையவே இல்லை.

நான் பக்கத்தில் இருந்ததால் எட்டிப் பார்த்தேன். அதே கறுப்புக் கிமோனோ, அதே நாரை, நெஞ்சில் அதே மூன்று இலையும் பூவும். தோமே அம்மா குள்ளம், அவருக்கு அது தரையில் புரண்டது. இவாவோவின் அம்மா நெட்டை, அவருக்குக் கணுக்கால் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது வருஷமாக அக்காவின் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்த எங்களில் ஒருவனுக்கும் அது உடம்புக்குப் பொருந்தாத துணி என்று தோன்றவில்லை. நாங்கள் கண்ணாடியில் எங்கள் வழுக்கையைத்தான் பார்ப்போம், அதற்கு மேலே யார் பார்த்தது?

கோயில் குருவின் மனைவிதான் வாயைத் திறந்தார். "இது கனேமிட்சு கல்லுல இருக்கிற சின்னமாச்சே?"

முன்வரிசையில் மசு அம்மாள் இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர், அவரும் படம் பார்த்துக் கப்பலேறி வந்தவர்தான். படத்தை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அட, இது ஹீலோ போட்டோக்காரன் துணி. நானும்தான் போட்டேன். எங்களுக்கு ஏது பட்டு? இதக் கட்டிக்கிறதுக்கு வரிசையில நின்னோம். போட்டு, படம் எடுத்து, கழட்டிக் குடுத்துட்டு வரணும்."

"அப்ப அந்தச் சின்னம்?" என்று குருவின் மனைவி கேட்டார்.

"யார் வீட்டுப் பொண்ணு வந்தாலும் ஒத்துப்போகட்டும்னு பொதுவா ஒண்ணு போட்டு வெச்சிருந்தான். வாடகைத் துணின்னா அதான் வழக்கம்."

இவாவோ அப்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப நாங்களும் சாமுராய்தானா ஷிசுனோ?" என்று கேட்டுவிட்டான். கூடமே சிரித்தது. மனசில் கள்ளம் வைத்துச் சிரித்தவர் யாரும் இல்லை, ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் கொண்டுவந்த பதார்த்தம் தொடப்படாமல் மேஜையிலேயே இருந்தது.

அடுத்த வாரம் கடை திறக்கவில்லை, அதற்கு அடுத்த வாரமும் இல்லை. ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கரடியாகத் திரிந்தோம். அதற்குள் ஆளாளுக்கு வீட்டுப் பெட்டிகளைக் கிளறி, அதே கிமோனோவில் இன்னும் இரண்டு மணப்பெண்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? நான் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அடுப்படியில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "கல்லு கொத்துறவன வரச் சொல்லிட்டேன் சத்தோரு. போன் பண்டிகை வர்றதுக்கு முன்னாடி அந்தச் சின்னத்தக் கொத்தி எடுத்துரச் சொல்லிட்டேன்."

போன் பண்டிகைக்கு முன்னோர்கள் வீடு திரும்புவார்கள். அன்றைக்கு ஊரே இடுகாட்டில் நின்று, முன்னோர் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கும். "கல்லு அசிங்கமாயிடும் அக்கா" என்றேன்.

"இப்ப மட்டும் அழகா இருக்கா? வாடகைத் துணியோட அடையாளத்த அம்மா தலையில ஏத்தி வெச்சிருக்கேன். ஊரே பாத்துச் சிரிக்கும்."

"உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "நான் கடையில சாமுராய் கத சொல்றப்பல்லாம் அது மூலையில உக்காந்து, துண்டால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். நான் பெருமையில சிரிக்குதுன்னு நெனச்சேன். எல்லாம் தெரிஞ்சு சிரிச்சிருக்கு, திருட்டுக் கெழவி."

அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. இருந்தும் கல்வெட்டுக்காரனை வேண்டாம் என்று சொல்ல மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா பிடித்தால் பிடித்ததுதான்.

போனுக்கு முந்தைய ஞாயிறு, ஊர் கூடி இடுகாட்டைச் சுத்தம் செய்யும் நாள். களை பிடுங்குகிறவர்கள், வாளியில் தண்ணீர் சுமக்கிறவர்கள் என்று ஒரே கலகலப்பு. கல்வெட்டுக்காரன் உளியோடு வந்து நின்றான். அக்கா வீம்பாக நிமிர்ந்து நின்றார். யாரும் கிட்டே போகவில்லை. இவாவோ மட்டும் கையில் ஒரு பூக்கட்டோடு வந்து, உளிக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

"தள்ளுடா. சிரிச்சது போதாதா?"

"சிரிச்சது தப்புதான். சண்டைக்கு வரல. ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேளு."

இவாவோ தொப்பியைக் கழற்றினான். "எங்கம்மாவ மேல் முகாம்ல பொதச்சோம். கல்லு வாங்க வக்கு இல்ல, ஒரு பலகைதான் நட்டோம். அது மக்கிப்போச்சு. நான் பட்டாளத்துலேருந்து திரும்பி வந்து தேடுறேன், எங்க பாத்தாலும் கரும்பு. எடம் தெரியல. ஒவ்வொரு போனுக்கும் நான் ரோட்டோரமா நின்னு கரும்பப் பாத்துக் கும்பிட்டுட்டு வரேன்."

இத்தனை வருஷத்தில் இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஊர்க் கதை அத்தனையும் விழும் கடையை நடத்திய அக்காவுக்கே தெரியாது.

"அவங்க வாழ்நாள்ல ஒரே ஒரு நாள்தான் பட்டு உடுத்தியிருக்காங்க. அந்தப் பட்டுல இருந்த பூ இந்த ஊர்ல இந்தக் கல்லுல மட்டும்தான் இருக்கு. அதக் கொத்திட்டீன்னா..." கையிலிருந்த பூக்கட்டை முன்னால் நீட்டினான். "இந்தப் பூவ இங்க வெச்சுட்டுப் போகவா?"

அக்கா அவனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கல்வெட்டுக்காரனிடம், "நீ போப்பா. வண்டிக் கூலி நான் குடுத்துடறேன்" என்றார். பிறகு வாளியிலிருந்து அகப்பையில் தண்ணீர் மொண்டு இவாவோவின் கையில் கொடுத்தார்.

"பூவ அப்புறம் வைக்கலாம். மொதல்ல தண்ணி ஊத்து. உச்சியிலேருந்து நல்லா ஊத்துடா, உங்கம்மாவுக்கு எவ்ளோ வருஷத் தாகமோ."