பொருள் வரியில் நான் செய்த தவறு

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, இருபது வருஷமாக மற்றவர்களுக்கு மனு டைப் செய்கிறேன். வருகிறவர்கள் பேசுவார்கள், நான் தலை நிமிராமல் தட்டுவேன். என் கூச்சத்துக்கு ஏற்ற வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் தவறு ஒன்று உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சூளகிரிப் பக்கத்திலிருந்து மாதேவம்மா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கணவர் நாராயணப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தவர். முதுகெலும்பில் கேன்சர். மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. பெங்களூரில் ஓர் ஆயுர்வேத டாக்டர், கஞ்சா இலை சேர்ந்த மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்ட சில வாரம் மனிதர் தூங்கினார். அடுத்த பாட்டிலோடு மாதேவம்மா திரும்பும்போது, மாநில எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்டில் போலீசார் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள்.

"டாக்டர் சீட்டு கையிலதான்க்கா இருந்துச்சு. அத நீட்டி என்னான்னு சொல்றது? வாய் வரல. பைய பஸ்லயே உட்டுட்டு எறங்கி வந்துட்டேன்."

அதற்குப் பிறகு, இன்னும் இரண்டு நோயாளிகளின் வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி கேட்டுகளில் நின்று அறுபத்து நான்கு கையெழுத்து வாங்கியிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுக்கும் நோயாளிகளுக்கு அந்த மருந்து நம் அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கச் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை.

"பயப்படாமயா போட்டாங்க?" என்று கேட்டேன்.

"கஞ்சாவுக்கா கையெழுத்து, எனக்கும் ஒரு பொட்டலம் சொல்லுக்கான்னு சிரிச்சாங்க. ஆனா அவருகூட மெஷின்ல நின்னவங்க பேசாம போட்டாங்க."

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கூட்டம் நெருக்கும். கம்ப்யூட்டரில் பதிகிறவருக்கு முழு மனுவையும் படிக்க நேரம் இருக்காது. 'பொருள்' என்று போட்டிருக்கும் வரியைப் பார்த்து, எந்தத் துறைக்கு என்று முடிவு செய்வார். அதனால் அந்த வரியைச் சுருக்கமாக அடிப்பது எனக்குப் பெருமை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில், 'பொருள்: கஞ்சா அனுமதி கோருதல்' என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மனு மதுவிலக்குப் போலீசுக்குப் போனது. வியாழக்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கொல்லையையும் மாட்டுக் கொட்டகையையும் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். படுக்கையிலிருந்து நாராயணப்பா, "நல்லா தேடுங்க சார். கெடச்சா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும்" என்றாராம். அவர்களில் மூத்தவர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர்களால் கெடுதல் இல்லை. ஆனால் செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. மறுநாள், கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர் கடைக்கே வந்தார்கள்.

"எம் பேர எடுத்துருங்க மேடம். அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றாங்க. போலீசு கம்பெனிக்கு வந்தா என் கதை முடிஞ்சுது" என்றார் ஒருவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சனிக்கிழமை மாதேவம்மா வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தப்பு என்னுதுதான் மாதேவம்மா. இந்தத் தடவ மூலிகை மருந்துன்னு போட்டுடறேன். எந்த வம்பும் வராது."

"பைய பஸ்ல உட்டுட்டு எறங்குன மாதிரிதானக்கா இதுவும்?" என்றார் மாதேவம்மா.

கஞ்சா என்ற பேரை எடுக்கவில்லை. 'பொருள்: தீராத வலியுள்ள நோயாளிகளுக்கு, மருத்துவர் சீட்டின்படி, கஞ்சா சேர்ந்த மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கச் சட்டத்தில் வழி செய்ய வேண்டுதல்' என்று புது மனுவில் அடித்தேன். இரண்டரை வரி வந்தது. இவ்வளவு நீளமாக நான் அடித்ததே இல்லை.

திரும்பக் கையெழுத்துப் போட வந்தவர்கள் பதினோரு பேர். மனு எழுதுகிறவர் அடுத்தவர் மனுவில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது எங்கள் தொழிலில் வழக்கம். பன்னிரண்டாவதாக நான் போட்டேன். திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மாதேவம்மாவோடு வரிசையில் நின்றேன்.

பதிகிறவர் என்னைப் பார்த்து, "நீங்க பேஷண்டுக்கு என்ன ஆவணும்?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. எழுதுனது நான். முழுசா ஒருக்கா படிச்சிட்டுப் போடுங்க சார்." என்றேன். பின்னால் யாரோ, "சீக்கிரம் ஆவட்டும்மா" என்றார்கள். அவர் படித்தார்.

பொருள் வரியைச் சுருக்குவது ஒரு திறமை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எழுதிக் கொடுத்த தாள் எந்த வாசலுக்குப் போகும், அங்கிருந்து யார் வீட்டுக்கு ஆள் வரும் என்று யோசித்த பிறகுதான் அதை அடிக்க வேண்டும்.

மறுநாள், மனு சுகாதாரத் துறைக்கு அனுப்பப்பட்டதாக மாதேவம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்தது. நாராயணப்பா அன்றும் பழைய மாத்திரையைத்தான் சாப்பிட்டார்.