வியாழக்கிழமைப் பித்தளை

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை நான் தேய்த்ததே கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் பீன்யா கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரர் கிண்ணத்தில் புளியை ஊறவைத்து, பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்துவிடுவார். அடித்தட்டில் ஆரம்பித்து, திரி போடும் இடுக்குகளில் துணியைத் திருகி நுழைத்து, கடைசியில் உச்சியிலிருக்கும் அன்னத்தின் கழுத்துக்கு வருவார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா மதில்மேல் சாய்ந்துகொண்டு, "எங்க யஜமானரு ஒரு ஸ்பூன்கூடக் கழுவமாட்டாரு. உங்களுக்கு வந்த யோகத்தப் பாருங்க" என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

குளிராதா பின்னே? கல்யாணமான புதிதில் சென்னையில் ராயபுரத்தில் இருந்தோம். அவருக்குத் துறைமுகத்தில், தீயணைப்புப் படகில் பம்ப் வேலை. கப்பலில் தீப்பிடித்தால் கடல் தண்ணீரையே உறிஞ்சிப் பீய்ச்சி அடிக்கும் படகு அது. சங்கு ஊதினால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். லீவு நாளிலும் "சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்மே" என்று கிளம்பினால்? திரும்பும்போது சட்டையில் டீசல் வாடையும் முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்பு எனக்கென்று ஒரு நாளும் வந்ததில்லை. சக்களத்தி மனுஷியாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுக்கலாம், இரும்பை என்ன செய்வது? தொண்ணூற்றொன்றில், பீன்யாவில் ஒரு கம்பெனியில் வேலை காலி என்று அண்ணன் சொன்னதும் ஒற்றைக் காலில் நின்று அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். பெங்களூரில் எனக்கு முதலில் பிடித்ததே இங்கே கடல் இல்லை என்பதுதான். கடலையே வானத்துக்கு அடித்த மனுஷர் கம்பெனியில் தீயணைப்பு மணல் வாளிகளுக்குக் காவல் இருந்தார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வந்த வாரமே விளக்கைக் கையில் எடுத்தார். சரி, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவருடைய பழைய கூட்டாளி போன் செய்தார். படகுக்கு ஓய்வு கொடுத்து, ஜனங்கள் பார்ப்பதற்காகத் துறைமுகத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்களாம். தனியாக விடுவேனா, நானும் கூடவே போனேன். புதுச் சிவப்புப் பெயின்ட்டில் கல்யாணப் பெண் மாதிரி நின்றிருந்தாள். சுற்றிலும் கயிறு, 'தொடாதே' என்று ஒரு பலகை. இவர் எங்கே கேட்டார்! கயிற்றைத் தாண்டிப் போய், தண்ணீர் பீய்ச்சும் குழாயின் முனையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். கூட்டாளி என் பக்கம் திரும்பி, "வியாழக்கெழமன்னா எங்களுக்குப் பித்தளை நாள், தங்கச்சி. இவன் ஒருத்தனையும் தொட வுடமாட்டான். புளியப் போட்டு அவனேதான் மொத்தத்தையும் தேய்ப்பான். இவன் போனப்புறம் தேய்க்க ஆளில்ல. அந்த மாசமே பித்தளை மேலயும் பெயின்ட் அடிச்சுட்டானுங்க" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் என் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து இந்த மனுஷர் யாரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்? அங்கே அவர் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பெற்ற தாய் போனபோதுகூட அழாதவர்.

அடுத்த வியாழக்கிழமை, அவர் கையிலிருந்து விளக்கைப் பிடுங்கினேன். "போதும். அவள நெனச்சுக்கிட்டு என் விளக்கத் தேய்க்க வேணாம்" என்றேன். புளிக் கையை அப்படியே நீட்டினார். "அங்க தேச்சதுக்கு சம்பளம் குடுத்தாங்கமே. இங்க எவன் குடுத்தான்?" என்று சொல்லி விளக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நல்ல பதில்தான். ஆனாலும் நான் முழுசாக நம்பவில்லை.

இப்போது அவர் இல்லை. விளக்கு கறுத்துவிட்டது, அன்னத்தின் கழுத்தில் பச்சை ஏறுகிறது. அவளுக்கென்ன, பெயின்ட்டுக்கு அடியில் அவர் கடைசியாகத் தேய்த்த பளபளப்பு காற்றுப் படாமல் அப்படியே இருக்கும். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போன வியாழக்கிழமை மருமகள் கிண்ணத்தில் புளியோடு வந்து, "குடுங்கத்தை, நான் தேச்சுத் தரேன்" என்று கை நீட்டினாள். விளக்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தொடாதே" என்றேன்.