அக்காவின் அளவு ஜாக்கெட்

தன் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டைத்தான் என் அக்கா இன்றைக்கும் தையல்காரரிடம் அளவுக்குக் கொடுக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு, இரண்டு பிள்ளை பெற்றவள். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் அந்தத் தையல்காரர், அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் "அம்மா மட்டும் அப்படியே இருக்காங்க" என்பார். பக்கத்தில் நான் என்னுடைய அளவு ஜாக்கெட்டோடு நிற்பேன். என்னுடையது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பிரித்துவிட உள்ளே துணி இருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மழுப்பப் போவதில்லை. தி.நகரில் புடவை வாங்கப் போனால், வாங்குகிறவள் நானாக இருந்தாலும், கடைப் பெண் புடவையை அக்கா தோளில்தான் போட்டுக் காட்டுவாள். டிபனுக்கு உட்கார்ந்தால் அக்காவுக்கு நெய் சொட்டும் பொங்கல், வடை, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. எனக்கு ஓட்ஸ் கஞ்சி. அப்படியும் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்: "உடம்பைக் குறைடி. உங்கப்பாவுக்கு ஆன மாதிரி உனக்கும் ஆயிடப் போகுது."

அப்பா தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே சரிந்துவிட்டார். மாரடைப்பு. அப்பாவின் நெஞ்சு எனக்கு, அப்பாவின் உடல்வாகு அக்காவுக்கு என்று வீட்டில் எப்போதோ பங்கு பிரித்துவிட்டார்கள். அப்பா வெடவெடவென்று ஒல்லியானவர். அந்த ஒல்லி உடம்போடுதான் விழுந்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதனால் வருஷா வருஷம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தது நான். அக்கா ஒருமுறைகூடப் போனதில்லை. "எனக்கெதுக்குடி? காத்தடிச்சா பறந்துடுவேன்" என்பாள்.

போன வருடம், அடையாறில் என் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பரிசோதனைக்கூடத்தில், இரண்டு பேர் சேர்ந்து வந்தால் சலுகை என்று போர்டு வைத்தார்கள். நியாயமாக என் கணவரைத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரியாவது கெட்டிருக்க வேண்டும் என்று ஆசை. பெரிதாக ஒன்றும் வேண்டாம். சர்க்கரையோ கொழுப்போ லேசாக எல்லையைத் தொட்டால் போதும். அம்மா ஒரு தடவை அவளைப் பார்த்து "வாயைக் கட்டு" என்று சொல்லி நான் கேட்க வேண்டும்.

அங்கே இருந்த பெண் எங்கள் இடுப்பை டேப் வைத்து அளந்தாள். அக்காவிடம், "உங்களுக்கு ஒண்ணும் இருக்காது மேடம்" என்றாள். என்னிடம், "நீங்க அடுத்த வாட்டி கொறச்சுக்கினு வாங்க" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டில் அம்மா, அக்கா, நான் மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு ரிப்போர்ட்டும் என் போனுக்கு வந்தன. முதலில் என்னுடையதைப் படித்தேன். எடை அதிகம், ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம். மற்றதெல்லாம் சரி. அடுத்து அவளுடையது. கெட்ட கொழுப்பு எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கும் எல்லை தாண்டித் தடித்த எழுத்தில் இருந்தது. ஈசிஜி மட்டும் நார்மல். பதறினேன் என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது சந்தோஷம். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாக, சத்தமாகப் படித்தேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒரே நேரத்துல எடுத்தான்ல? மாத்திப் போட்டிருப்பான்" என்றாள். அதாவது கெட்ட ரத்தம் என்றால் அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து போன் செய்தாள். "டாக்டர்கிட்ட போறேன், நீயும் வா."

மாடி ஏறினால் ஏதாவது செய்கிறதா என்று டாக்டர் கேட்டார். "மூணாவது மாடிக்குள்ள தாடை இழுத்துப் பிடிக்கும், முதுகுல பாரமா இருக்கும். நின்னா சரியாயிடும். வாய்வுன்னு ஓமத் தண்ணி குடிப்பேன்" என்றாள் அக்கா. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு ஆறு மாதம் என்றாள். அதை அவள் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா எந்த வயதில் போனார் என்று கேட்டு எழுதிக்கொண்டார் டாக்டர். "அப்பாவுக்கு அம்பதுக்குள்ள வந்திருக்கு. உங்களுக்கு மாதவிடாயும் நின்னுடுச்சு. சர்க்கரையும் கொழுப்பும் தெரியாமலே ஏறியிருக்கு. இதெல்லாம் ஒல்லியா குண்டான்னு பாத்து வராதும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்காக நீங்க சந்தோஷப்படாதீங்க. அந்த எடையும் பி.பி.யும் உங்க இதயத்துக்கும் ஆகாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முக்கியமான குழாய் ஒன்று அநேகமாக மூடியிருந்தது தெரிந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைக்க உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்டது ஒரே ஒரு வரிதானே, லேசாகத்தானே கேட்டேன் என்று அழுதுகொண்டிருந்தேன். "ஊர்க் கண்ணு பட்டுடுச்சு" என்றாள் அம்மா. ஊர் வரைக்கும் போவானேன் என்று தோன்றியது.

அக்கா பிழைத்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம், தங்கச்சி கூட்டிப் போனதால் தப்பித்தாள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அம்மா அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கி, உப்புக் குறைத்துச் சமைத்துப் போட்டாள். அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது என்றால் நம்புவீர்களா?

இப்போது இருவரும் காலையில் லஸ் பூங்காவில் நடக்கிறோம். முன்னால் போவது அவள்தான். போன வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், அவளும் வந்து உட்கார்ந்தாள். "இளைச்சுட்டேன்டி. அளவு ஜாக்கெட்டே தொளதொளங்குது. பிடிக்கக் கொடுக்கணும்" என்றாள்.

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு உன்னை நல்ல எண்ணத்துல கூட்டிட்டுப் போகலை" என்றேன்.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"ஸ்கூல்ல நான் கணக்குல ஃபெயிலானப்போ உன் மூஞ்சி எப்படி இருந்துதோ, ரிப்போர்ட்டைப் படிச்சப்பவும் அப்படியேதான் இருந்துது." ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "லேப்ல மாத்திட்டான்னு அம்மா சொன்னதும் நானும் நம்பிட்டேன். தூக்கிப் போட்டிருப்பேன். அப்புறம் அந்த மூஞ்சி ஞாபகம் வந்துது. நான் நெஜமா ஃபெயிலானாத்தான் நீ அப்படி மலருவே. அதான் டாக்டர்கிட்ட போகணும்னு தோணுச்சு."

எழுந்து, எனக்காக நிற்காமல் நடக்க ஆரம்பித்தாள்.