சரிவில் நின்ற வண்டி

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம்தான். மீன் விற்கிற பொம்பளைக்கு இவ்வளவு பயம் ஆகாது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அந்த மழைக்காலம் முழுக்க நான் பயந்து செத்ததற்குக் காரணம் எங்கள் பழைய ஃபோர்வீல் பிக்கப்.

நெட்டுக்குப்பம் மணலில் படகு வரைக்கும் போய் மீன் ஏற்ற எங்களுக்கு அது ஒன்றுதான் கதி. மணலில் இறங்கும்போது, கியர் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் திருப்பிப் போட்டுவிட வேண்டும். பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் போதும். அவர் ஒழுங்காகத் திருப்பித்தான் போட்டார். ஆனாலும் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிரேக் போட்ட மாதிரி அமுங்கும். பின்னால் வரும் கன்டெய்னர் டிரெய்லர் ஹாரனில் அலறும். கண்ணாடி முழுக்க அதன் முகம் தெரியும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இந்த மனுஷன் ஒருநாள் டிரெய்லருக்கு அடியில்தான் போகப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோளாறு எங்கே என்று அவர் நிதானமாகத் தேடினார். ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் கை வைத்துப் பார்த்தார். எதுவும் கொதிக்கவில்லை, அதனால் பிரேக் மேல் பழி இல்லை. இன்னொரு நாள் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். நியூட்ரலில்கூட அசையவில்லை.

"லீவரு ரெண்டுன்னு காட்டுது, உள்ள நாலுதான் புட்ச்சிகினு கீது மே," என்றார்.

முன்சக்கரங்களுக்கு இன்ஜினின் இழுப்பைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது, இழுவை போய்விட்டால் தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் விடுவது என்று திட்டம் போட்டார்.

எங்கள் தெரு கடலோரச் சாலையிலிருந்து சரிவாக இறங்கும். வண்டியை அங்கேதான் மூக்கு மேலே பார்க்க நிறுத்துவோம். ஹேண்ட்பிரேக் கேபிளை உப்புக்காற்று என்றைக்கோ தின்றுவிட்டது. முன்பெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைப்போம். கொஞ்ச நாளாக வண்டி நியூட்ரலில்கூட நகராமல் நின்றதால் அந்தப் பழக்கமும் விட்டுப்போனது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு இதற்கு மட்டும் பயம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் இறக்கிவிட்டு வந்ததும் அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். நான் டிரைவர் சீட்டில் இருந்தேன்.

"நியூட்ரல்ல போட்டுட்டு சின்ன லீவர ஆட்டு மே, ஷாஃப்டு லூஸாவுதான்னு பாக்குறேன்."

ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். என் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்குப் பின்னால், அவருடைய கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கடைசி போல்ட் வரவில்லை. சுத்தியலால் அடித்தார். டமால் என்று ஒரு சத்தம்.

எதிர்வீட்டு ஜன்னல் மெதுவாக முன்னால் போனது. ஜன்னல் எங்கே போகும்? நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருந்ததுதான் இத்தனை நாளும் வண்டியைச் சரிவில் நிறுத்தியிருந்தது. அந்த முறுக்கை அவரே அவிழ்த்துவிட்டார்.

இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து எழுந்து நின்றேன். இன்ஜின் ஓடாததால் பெடல் கல்லாக இருந்தது. வண்டி நின்றது. கீழே சத்தமே இல்லை. என் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"யோவ்! யோவ்!"

"கத்தாத மே. லுங்கி சக்கரத்துல மாட்டிகிச்சி. கால மட்டும் எட்த்துடாத."

சக்கரம் அவர் தொடையை ஒட்டி நின்றிருந்தது. லுங்கியை உருவிப் போட்டுவிட்டு, அரை டிராயரோடு ஊர்ந்து வெளியே வந்தார். கல்லைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். பிறகு என் ஜன்னலில் முகத்தைக் காட்டிச் சிரித்தார்.

"பாத்தியா, இன்னாமா உருளுது! இழுவ போச்சி. கால எடு மே, கல்லு வெச்சிட்டேன்."

கேட்டது. கால் வரவில்லை.

"முடியலய்யா," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கதவைத் திறந்து குனிந்தார். என் முழங்கால்களை இரண்டு கையாலும் பிடித்துப் பெடலிலிருந்து மெதுவாகத் தூக்கினார். நடுங்குவது என் கால் என்றுதான் நினைத்தேன். நடுங்கியது அவர் கை.