அலமாரிக்குள் வந்த முறுக்கு வாசனை

மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்து சில வருடம் கழித்து, ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நடந்தது இது.

வீடு பார்க்கப் போனபோதே பில்டர், சமையலறைச் சுவரில் இருந்த வட்ட ஓட்டையைக் காட்டி, "சிம்னி பாயின்ட் குடுத்திருக்கோம் மேடம்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வீட்டில் மீன் வறுத்தால் கூடம் முழுக்கப் புகைதான். இங்கேயோ அடுப்புக்கு மேலே சிம்னி மாட்டி, அதன் குழாயை ஓட்டையில் சொருகிவிட்டோம். பட்டனைத் தட்டினால் புகை மாயம். அது எங்கே போகிறது என்று யார் பார்த்தது?

மேல் வீட்டு அக்கா பிளவுஸ் தைப்பவர், அந்த ஊர்க்காரர். அவர்தான் அடிக்கடி கேலி செய்வார். "இன்னாம்மா, முறுக்கு சுட்டுக்கினு கீறியா? எங்க வூட்டு அலமாரிய தொறந்தா உன் சமையல் வாசனைதான் வருது!" நானும் சிரித்துக்கொண்டே ஒரு தட்டு மேலே கொடுத்தனுப்புவேன். அவர் வீட்டில் சிம்னி கிடையாது. அங்கேயும் சுவரில் இருந்த அதே மாதிரி ஓட்டையை மறைத்துத்தான் அலமாரி அடித்திருந்தார்கள்.

அன்றைக்கும் முறுக்குதான். காலிங் பெல் அடித்ததென்று வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் எண்ணெய் காய்ந்து தீப்பிடித்துவிட்டது. பதறியடித்து அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டு போட்டு மூடினேன். தீ அணைந்தது. ஆண்டவர் காப்பாற்றினார் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் மேலேயிருந்து அக்காவின் அலறல் கேட்டது.

தீயைச் சிம்னி உள்ளே இழுத்திருக்கிறது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெளியே போக வழியே இல்லை. கட்டடம் அழகாகத் தெரியவேண்டுமென்று வெளிச்சுவர் முழுக்கப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை. நாங்கள் சமைத்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் சுவருக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் படிந்து, அன்று பற்றிக்கொள்ள, வாசனை போன வழியிலேயே தீ மேலே போய் அக்கா வீட்டு ஓட்டைக்குள் நுழைந்திருக்கிறது. பருப்பு எடுக்க அக்கா அலமாரியைத் திறந்த நேரம் அது.

உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு கைகளிலும் விரல்கள் மடங்குவதில்லை. தையல் மெஷினை விற்றுவிட்டார்கள்.

பில்டரிடம் சண்டைக்குப் போனோம். "பாயின்ட் குடுத்தோம்னுதான் சொன்னோம். வெளிய வழி இருக்குன்னு சொன்னோமா சார்?" என்று என் கணவரைத் திருப்பிக் கேட்டார். கருகிய பலகையை மாற்றிப் பெயின்ட் அடித்தாயிற்று. மற்ற வீடுகளில் சிம்னி இன்னமும் ஓடுகிறது. எடுத்துச் சொன்னால், "பார்த்துக்கலாம்" என்கிறார்கள். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அக்கா இப்போது தாம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்க்கப் போனபோது மகள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "நீ இன்னாம்மா பண்ணுவ, உன்மேல இன்னா தப்பு கீது" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த வாசனை வருடக்கணக்காக எங்களை எச்சரித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அதை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.