அரைப்பாட்டுக்காரர்

பள்ளிப் பேருந்து ஓட்டுபவருக்கு அரைப்பாட்டுக்காரர் என்று பட்டம் சூட்டியது சமையற்கூடத்து ஆட்கள். பட்டத்தில் பொய் இல்லை. ஆண்டுவிழாவில் முதல் நிகழ்ச்சி எப்போதும் அவருடைய புல்லாங்குழல்தான். சிறப்பு விருந்தினர் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறார்? அவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டுமே! பெரியப்பாவிடம் கற்ற பழைய படகுப்பாட்டை வாசிப்பார். பல்லவி முடிந்து சரணம் பாதி போகும்போது வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். தலைமையாசிரியை கையை உயர்த்துவார். குழல் பைக்குள் போய்விடும்.

அதில் தனக்கு வருத்தமே இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வார். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, அவர்கள் மறந்துபோன தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவே கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊதலாம். தடுக்க ஆளில்லை. இந்த வருடம் மனைவிதான் வம்புக்கு இழுத்தாள்.

“கல்யாணமான நாள்லேருந்து பாதிப் பாட்டுதான் கேக்கறேன். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? முடிவு உங்களுக்கே தெரியாது போல.”

“இந்தத் தடவை வந்து பாரு. முழுசா வாசிக்கிறேன்.”

ரோஷத்தில் சொல்லிவிட்டாரே தவிர, அது அவர் கையில் இல்லையே. தலைமையாசிரியையிடம் போய், முழுசாக வாசிக்க விடச் சொல்லித் தலையைச் சொறிந்தார்.

“விருந்தினர் வந்துட்டா நிறுத்தித்தானே ஆகணும் அண்ணே, நான் என்ன பண்ணட்டும்?” என்றார் அவர்.

விழாவன்று மனைவி மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லவி முடிந்தது, சரணம் பாதி போயிற்று. கார் வரவில்லை. ஆனாலும் விரல்கள் வழக்கமான இடத்தில் தாமாகவே நின்றுவிட்டன! நின்றதும் அடுத்த அடி மறந்துபோயிற்று. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. மானம் கப்பலேறிவிட்டது என்றே நினைத்தார்.

அப்போது மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அவருடைய பேருந்துப் பிள்ளைகள் பல்லவியைப் பாடத் தொடங்கினார்கள். விழாவிலும் கேட்டது, தினமும் வண்டி ஓட்டும்போது அவர் முணுமுணுக்கவும் கேட்டது. பாதியாகக் கொடுத்தாலும் பழம்பாட்டு அடுத்த வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பின்வரிசைப் பெற்றோர்களும் கூடப் பாடினார்கள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழலை வாயில் வைத்து, ஓடுகிற பாட்டில் தொற்றிக்கொண்டார். அந்த வேகத்தில் மறந்த அடியும் வந்துவிட்டது.

கடைசிச் சரணத்தில் இருக்கும்போது வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கண் தன்னால் தலைமையாசிரியையிடம் போயிற்று. கை உயர்ந்தது. ஆனால் உள்ளங்கை மேடையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தது. சிறப்பு விருந்தினர் வாசற்படியிலேயே நின்றார்.

பிள்ளைகளோடு பல்லவிக்குத் திரும்பி வந்து பாட்டை முடித்தார். கைதட்டல் அடங்கியதும் இறங்கி வந்தபோது மனைவி எதிரே நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“முடிவு நல்லாத்தானே இருக்கு! இத்தனை வருஷமா இதை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?”